ஒழுகும் பழைய பிக்கப்: சிலிகான் பூசுவதா, ரப்பரை மாற்றுவதா?

மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் டிரைவர் காலடி விரிப்புக்குக் கீழே தண்ணீர் நிற்கிறதா? பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் உடனே தேடுவது சிலிகான் டியூபைத்தான். நானும் முன்கண்ணாடியைச் சுற்றி ஒரு டியூப் முழுக்கப் பூசினேன். அடுத்த மழையிலும் அதே இடம் நனைந்தது. கண்ணாடியில் கோளாறே இல்லை. வைப்பருக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரத்தில் வேப்பஞ்சருகு அடைத்து, வெளியே வடிய வேண்டிய தண்ணீர் கேபினுக்குள் இறங்கியிருந்தது. சருகை அள்ளிப் போட்டதும் சரியாகிவிட்டது.

அதனால் எதைப் பூசுவது என்று யோசிப்பதற்கு முன், ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

வாட்டர் வாஷ் கடையில் பீய்ச்சி அடித்துப் பார்ப்பது சீக்கிரம் முடியும். ஆனால் அந்த வேகத்துக்கு நல்ல ரப்பரும் வழிவிடும். மழையில் ஒழுகாத இடமெல்லாம் ஒழுகும். சாதாரணக் குழாய்த் தண்ணீர்தான் நம்பகமானது. சீட், மேட் எல்லாம் கழற்றித் தரையைக் காயவைத்துவிட்டு, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும். வெளியே இருப்பவர் கீழிருந்து மேலே போகட்டும்: கதவடி, காற்றுத் துவாரம், கண்ணாடியின் கீழ் விளிம்பு, பக்கங்கள், கடைசியாகக் கூரைத் தகடுகள் சேரும் மடிப்பு. ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் பொறுமை வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, ஓட்டை எது என்றே தெரியாது.

லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இதற்கு மனசு வராது. வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் புளோயர் இருந்தால், கண்ணாடிகளை ஏற்றி, அதை முழு வேகத்தில் விட்டு, வெளியே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். காற்று கசியும் இடத்தில் நுரை குமிழ்விடும். சின்ன ஓட்டைக்கு இது குழாயைவிட நல்ல வழி.

கதவுக்குக் காகிதத் துண்டு போதும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துச் சாத்தி இழுங்கள். லேசாக வந்துவிட்டால் அங்கே ரப்பர் அழுந்தவில்லை. கீல் தொங்கியிருந்தாலும் இப்படித்தான் வரும், அதையும் பாருங்கள். மழையே இல்லாத மே மாதத்தில் தரை நனைந்தால், ஏசி வடிகுழாய் அடைத்திருக்கலாம்.

சரி, இனி பழுது. சிலிகான் மலிவு, ஒரு நாளில் இறுகிவிடும். ஆனால் வினிகர் வாடை அடிக்கும் வகை, இறுகும்போது விடும் அமிலத்தால் வெறும் தகட்டை அரிக்கும். அதன்மேல் பெயின்ட்டும் ஒட்டாது. கூரை மடிப்புக்குப் பாலியூரிதேன் சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) பொருத்தம். வண்டியின் குலுக்கலுக்கு வளைந்து கொடுக்கும், மேலே பெயின்ட் அடிக்கலாம்.

முன்கண்ணாடிக்கு என் ஓட்டு புது ரப்பருக்குத்தான். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய ரப்பர் கிடைத்தாலும் வேண்டாம், ஏற்கெனவே இறுகிப்போயிருக்கும். கண்ணாடியைக் கழற்றியதும் கீழ் மூலைகளைச் சுரண்டிப் பாருங்கள். காசிமேடு, எண்ணூர் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டியில் துரு இருக்க வாய்ப்பு அதிகம். டிங்கரிங், பிரைமர், பெயின்ட் முடித்த பிறகே ரப்பர். துருவின்மேல் எந்த ரப்பரும் உட்காராது.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் வேலையை முடித்துவிடுங்கள். செப்டம்பரின் சாயங்கால மழைக்குத் தரையில் செய்தித்தாள் விரித்து வையுங்கள். விட்டுப்போன ஓட்டை இருந்தால் எந்த மூலை என்று அதுவே காட்டிவிடும்.