பிக்கப் வண்டியில் ஹாம் ஆன்டெனா: கூரையா, பானட் ஓரமா, பின்தொட்டியா?

பிக்கப் வண்டியைப் பார்த்ததும் ஹாம் ரேடியோக்காரருக்கு, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவருக்கு, கை துறுதுறுக்கும். எவ்வளவு இரும்பு, எவ்வளவு இடம்! ஆனால் அந்த இரும்பு ஒரே உடம்பு இல்லை. கேபின் ரப்பர் புஷ்கள் மேல் உட்கார்ந்திருக்கும். சரக்கு ஏற்றும் பின்தொட்டி தனியாகச் சேசிஸில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கும். நடுவில் பெயின்ட், துரு. நாம் பொருத்துகிற குச்சி ஆன்டெனாவில் பாதிதான், மீதிப் பாதி அதன் அடியில் இருக்கும் உலோகம். எந்த இடம் நல்லது என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டு மீட்டர் அலைவரிசைக்கு மட்டும் என்றால் என் ஓட்டு கூரை நடுவுக்கு. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளக் குச்சி சுமார் 49 செ.மீ. கூரை நடுவில் நிறுத்தினால் எல்லாத் திசைக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி போகும். ஆன்டெனாவைத் திருகி நிறுத்தும் என்.எம்.ஓ. மவுண்டுக்கு 19 மி.மீ. துளை போட வேண்டும், அதுதான் பலருக்கும் வயிற்றைக் கலக்குகிறது. உள்கூரைத் துணியை இறக்கி, குறுக்குச் சட்டம் எங்கே, பக்கவாட்டு ஏர்பேக் எங்கே என்று பார்த்துவிட்டுப் போட்டால் பயமில்லை. ஆன்டெனாவைக் கழற்றிய நாட்களில் மழைமூடி போட்டால் போதும்.

காந்த மவுண்ட்? தற்காலிகத்துக்குச் சரி. அடியில் புகும் தூசி பெயின்ட்டைத் தேய்க்கும், கதவிடுக்கில் கேபிள் நசுங்கும். 2015 மாடலிலிருந்து ஃபோர்டு எஃப்-150 உடம்பு அலுமினியம், அதில் காந்தம் ஒட்டவே ஒட்டாது.

பானட் ஓர பிராக்கெட்டில் துளை வேண்டாம், கேபிளும் குட்டை. ஆனால் அதன் குட்டித் திருகுகள் பெயின்ட்டைத் துளைத்து வெறும் உலோகத்தைக் கடிக்க வேண்டும். கேபினும் ஒரு பக்கத்தை மறைக்கும். அதைவிட, கேபின் பின்புறம் மேலே மூன்றாவது பிரேக் லைட்டுக்கு அடியில் செருகும் பிராக்கெட் எனக்குப் பிடிக்கும். ஒரே எச்சரிக்கை: லைட்டின் ரப்பர் கேஸ்கெட் சரியாகப் படியாவிட்டால் மழை உள்ளே வரும். என் பின் சீட் ஒரு வாரம் ஈரமாகவே கிடந்தது.

எச்.எஃப்., அதாவது நீண்ட தூரம் போகும் சிற்றலை என்றால் கதையே வேறு. 40 மீட்டருக்குக் கால் அலைநீளம் பத்து மீட்டர். வண்டியில் நிற்பது இரண்டரை மீட்டர்க் குச்சி. மீதியை லோடிங் காயில் என்ற கம்பிச்சுருள் ஈடுகட்டும். இவ்வளவு குட்டையான ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடை (பவரை அலையாக வெளியே அனுப்பும் பங்கைக் காட்டும் அளவு) மிகக் குறைவு, சில ஓம்தான். காயிலும் கீழே உள்ள உலோகத்திலும் தரையிலும் ஆகும் இழப்பு அதைவிட அதிகம் என்பதால் பவரில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும். இதற்குக் கூரை உயரம் ஒத்துவராது, தொட்டிதான் வழி. தொட்டியிலும் இடம் பார்க்க வேண்டும். பின்பம்பரிலோ டிரெய்லர் கொக்கியிலோ வைத்தால் காயில் தொட்டிச் சுவரை ஒட்டி நின்று திணறும். தொட்டி விளிம்பில் கம்பம் செருக இருக்கும் துளையில் வைத்தால் காயில் மேலே ஏறிவிடும்.

முதலில் நான் பொருத்தியபோது எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.1 காட்டியது, சந்தோஷத்தில் குதித்தேன். அப்புறம் தொட்டி, கேபின், சேசிஸ், சைலன்சர் குழாய் எல்லாவற்றையும் அகலமான செம்புப் பின்னல் பட்டையால் குட்டையாக இணைத்தேன். மீட்டர் 1.8-க்கு ஏறியது! கெடுத்துவிட்டோமோ என்று பயந்தேன். உண்மையில் ரேடியோ எதிர்பார்க்கும் ஐம்பது ஓம்போல நடித்துக்கொண்டிருந்தது இழப்புதான். அது குறைந்ததும் ஆன்டெனா இருபத்தெட்டு ஓம் பக்கம் இறங்கியிருந்தது. ஆன்டெனா அடியையும் வண்டி உலோகத்தையும் இணைக்கும் ஒரு சின்ன ஷண்ட் காயில் போட்டதும் மீட்டரும் அடங்கியது. முன்பு என் குரலைப் பிடிக்கத் தவித்தவர்கள் அன்று மாலை முதல் அழைப்பிலேயே பதில் சொன்னார்கள்.