சட்னெஸ் பரிசோதனை: கோட்டு போச்சு, சேவை அருமை

ஜெருசலேமில் நான் பராமரிக்கும் பாட்டிக்குக் குளிருக்காக மறுசுழற்சிக் கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கினேன். லேபிளில் 80% கம்பளி, 20% 'பிற இழைகள்'. அந்தப் 'பிற'தான் வினை. பாட்டி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "முதலில் சட்னெஸ் பார்த்துவிட்டு வா" என்றார்.

கம்பளியும் லினனும் கலந்த துணிக்குத்தான் சட்னெஸ் என்று பெயர்; அதை உடுத்தக்கூடாது என்பது யூதச் சட்டம் (உபாகமம் 22:11). பருத்தியோ பாலியஸ்டரோ கலந்தால் பாதகமில்லை.

பரிசோதகர் வீட்டின் முன்னறையிலேயே கடை வைத்திருக்கிறார். காலரைப் பிரித்து உள்ளே இருந்த கேன்வாஸிலிருந்து ஒரு நூல், தோள்பட்டைப் பஞ்சிலிருந்து கொஞ்சம், அப்புறம் துணியின் நாலைந்து இடங்களிலிருந்து இழைகள். எல்லாவற்றையும் நுண்ணோக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். கம்பளி இழையில் மீன் செதில் மாதிரி அடுக்கு. பக்கத்திலேயே மூங்கில் கணு போலக் கணுக்கணுவாய் லினன்!

காலரில் மட்டும் இருந்தால் பிரித்தெடுத்து வேறு வைத்துத் தைத்துவிடலாமாம். ஆனால் இந்தக் கோட்டுத் துணியே பழைய துணிகளைக் கிழித்து, பஞ்சாக்கி, மறுபடி நூற்றது. நூலுக்குள்ளேயே கலந்திருப்பதை எப்படிப் பிரிப்பது? அதே கோட்டு இன்னொன்று வாங்கினாலும் உத்தரவாதமில்லை என்றார், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பழந்துணி போகுமே.

வாங்கிய கடை, காலரைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மறுத்துவிட்டது. பரிசோதகருக்கு ஐந்து நட்சத்திரம். ஒரு குறை: மாடிப்படி செங்குத்து, பாட்டியைக் கூட்டிப் போக முடியாது.