ஈவா டர்னரின் இசைத்தட்டுகள்: ஒரே பாட்டுக்குள் அடங்காத குரல்

ஆங்கிலேயப் பாடகி ஈவா டர்னர் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய பழைய இசைத்தட்டுகளைத் திரட்டித் தரும் குறுந்தட்டை வாங்குகிறவர்களில் பலரும் ஒரே ஒரு பாட்டுக்காகத்தான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'துராந்தோத்' ஓபராவில் (முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம்), தன்னை மணக்க வரும் இளவரசர்கள் ஏன் சாக நேர்கிறது என்பதைச் சீன இளவரசி சபையின் முன் அறிவிக்கும் பாட்டு அது. 1928 ஜூலையில், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சென்ட்ரல் ஹாலில், ஸ்டான்ஃபோர்ட் ராபின்சன் இசைக்குழுவை நடத்த, டர்னர் அதைப் பதிவு செய்தார்.

அந்தப் பாட்டைப் பற்றி எவ்வளவு கேள்விப்பட்டிருந்தாலும் முதல்முறை கேட்கும்போது தூக்கிவாரிப்போடத்தான் செய்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்நியன் ஒருவனால் இழுத்துச் செல்லப்பட்ட மூதாதையின் கதையைத் தொடங்கும்போது குரலில் அழுகையோ ஆவேசமோ இல்லை; தீர்ப்பை வாசிப்பவரின் நிதானம்தான் இருக்கிறது. பிறகு மெட்டு படிப்படியாக மேலேறி உச்சத்தைத் தொடுகிறது. மற்ற பாடகியர் பலர் மூச்சைத் திரட்டிப் பாய்ந்து எட்டிப்பிடிக்கும் அந்த சுரத்தில் டர்னர் ஆணி அடித்தாற்போல் நேராக நிற்கிறார். பெரிய குரல்களுக்கு உச்சியில் வழக்கமாக வரும் ஆட்டம் கடுகளவும் இல்லை. ஒலிவாங்கியைக் கொண்டு பதிவு செய்யும் மின்முறை 1925-இல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன், பெரிய குழலுக்குள் பாடிப் பிடித்த ஊதுகுழல் பதிவில் இத்தகைய குரல் மெலிந்து கீச்சென்றே ஒலித்திருக்கும். காலம் அவருக்குக் கைகொடுத்தது என்றே சொல்ல வேண்டும்.

அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய வாழ்க்கை ஓரளவு விளக்குகிறது. லங்காஷயரின் பஞ்சாலை நகரமான ஓல்டமில் 1892-இல், ஆலைப் பொறியாளர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் டர்னர். குடும்பம் பிரிஸ்டலுக்குக் குடிபெயர்ந்தபின், அங்கு வந்த கார்ல் ரோசா ஓபரா குழுவின் நிகழ்ச்சியைச் சிறுமியாகப் பார்த்துப் பாடகியாவதென்று முடிவெடுத்தார். லண்டனின் ராயல் இசை அகாடமியில் பயின்ற பிறகு அதே குழுவில், கோரஸ் வரிசையில்தான் தொடங்கினார். ஊர் ஊராகச் சென்று, ஆங்கிலத்தில் பாடி, சிறு வேடங்களிலிருந்து நாயகி வேடங்களுக்கு உயர அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1924-இல் லண்டனில் அவர் பாடிய அரங்கின் பெயரும் தற்செயலாக ஸ்காலாதான். அங்கே அவரைக் கேட்ட இசைக்குழு நடத்துநர் எத்தோரே பனிட்சா, மிலானின் புகழ்பெற்ற ஓபரா அரங்கமான உண்மையான லா ஸ்காலாவுக்கு, அங்கே இசையை நடத்திய டோஸ்கனினியிடம் பாடிக் காட்ட அனுப்பிவைத்தார். 1926-இல் இத்தாலியின் பிரெஷா நகரில் முதல்முறையாகத் துராந்தோத் வேடமேற்றார். புச்சினி முடிக்காமல் விட்டுச்சென்ற அந்த ஓபராவை நிறைவு செய்த அல்ஃபானோ, இந்த வேடத்துக்கு டர்னரே மிகப் பொருத்தமானவர் என்று கருதினார். 1928 ஜூனில் லண்டனின் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் அதே வேடம், அடுத்த மாதமே இந்தப் பதிவு. வேடம் தொண்டையில் சூடாக இருந்தபோதே பிடித்துவைத்திருக்கிறார்கள்.

தொகுப்பின் மற்றப் பாட்டுகளைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது தவறு. வெர்தியின் 'இல் த்ரொவத்தோரே' பாட்டுகளில் அவருடைய மூச்சுக் கட்டுப்பாடு துராந்தோத்தைவிடத் தெளிவாகத் தெரிகிறது. நீண்ட வரியை எங்கும் அறுக்காமல், கடைசிச் சொல் வரை ஒரே கனத்தில் கொண்டுபோகிறார். மஸ்கானியின் 'கவல்லேரியா ருஸ்திகானா' பாட்டிலோ, குரலில் அதுவரை இல்லாத ஒரு காயம் தெரிகிறது. 'அயீதா'வில் நைல் நதிக்கரையில் தாய்நாட்டை எண்ணிப் பாடும் பாட்டு மட்டும் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. சுரங்களில் குறையில்லை, ஆனால் ஏக்கத்தை முந்திக்கொண்டு உறுதி வந்து நிற்கிறது. வரவேற்பறை ஆங்கிலப் பாட்டுகளுக்கு இந்தக் குரல் பொருந்தவே இல்லை. சிறிய விளக்குக்கு அணையின் மின்சாரத்தைக் கொடுத்ததுபோல் இருக்கிறது.

முழு ஓபரா ஒன்றைக்கூட அவர் ஸ்டூடியோவில் பதிவு செய்யாமல் போனது பெரிய இழப்பு. அதை ஓரளவு ஈடுசெய்வது, 1937 மே மாதம், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டுப் பருவத்தில், கோவென்ட் கார்டன் மேடையிலிருந்தே பிடிக்கப்பட்ட 'துராந்தோத்' பகுதிகள். மார்த்தினெல்லி, இளவரசியை வெல்லும் நாயகன் கலாஃபாகப் பாட, பார்பிரோலி இசைக்குழுவை நடத்தினார். பல பத்தாண்டுகள் கழித்தே வெளிவந்த அவை தனி வெளியீடு. இந்தத் தொகுப்பில் இல்லை. ஆனால் கோரஸும் இசைக்குழுவும் சேர்ந்து எழும்பும் இடத்தில் அந்த ஒற்றைக் குரல் அவற்றின் தலைக்கு மேல் தனியாகக் கடந்து போவதைக் கேட்ட பிறகுதான், 1928-இன் தட்டு அவருடைய குரலின் அளவைக் குறைத்தே காட்டியிருக்கிறது என்பது புரிந்தது. ஆங்கிலேய இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1938-இல் 16 பாடகர்களுக்காக எழுதிய படைப்பின் பதிவிலும் அவர் இருக்கிறார். பங்கு சில வரிகள்தான், என்றாலும் பதினாறு பேருக்குள் அவரை அடையாளம் காணச் சிரமப்பட வேண்டியதில்லை.

நான் வாங்கிய தொகுப்பில் இரண்டு குறைகள். உள்ளேயிருக்கும் சிறு கையேட்டில் பதிவுத் தேதிகளே இல்லை. பழம் பதிவுகளைக் காசு கொடுத்து வாங்குகிறவனுக்குத் தேதி இல்லாமல் என்ன பயன்? அடுத்தது, தட்டின் இரைச்சலைப் போக்குகிறேன் என்று அளவுக்கு மீறி வடிகட்டியதில் குரலின் மேல்விளிம்பும் சேர்ந்து உதிர்ந்துவிட்டது. இதே பாட்டுகள் வேறு வெளியீடுகளிலும் கிடைக்கின்றன. அவற்றுள் ஊசி உரசும் ஓசையை அப்படியே விட்டுவைத்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டு நிமிடத்தில் காது அந்த ஓசையை மறந்துவிடும். ஹெட்ஃபோனில் கேட்பவர்கள் இளவரசியின் பாட்டைத் தொடங்குமுன் ஒலியளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளவும்.