2018: முதலிடத்துக்கு இரண்டு, கடைசி இடத்துக்கு இரண்டு

2018-ஆம் ஆண்டுத் தமிழ்ப் படங்களில் சிறந்தது எது, மோசமானது எது என்று கேட்டால், முதல் கேள்விக்குத்தான் நான் அதிகம் தடுமாறுவேன். தயாரிப்பாளர்களின் வேலைநிறுத்தத்தால் மார்ச் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை புதுப்படமே இல்லாமல் கிடந்த அந்த ஆண்டு, செப்டம்பர் 28-க்கும் அக்டோபர் 17-க்கும் இடையில் ‘பரியேறும் பெருமாள்’, ‘96’, ‘ராட்சசன்’, ‘வடசென்னை’ என நான்கு படங்களை அடுத்தடுத்துத் தந்தது. ஆனாலும் என் கணக்கில் ‘பரியேறும் பெருமா’ளோடு முதலிடத்துக்கு மோதுவது இவற்றில் இன்னொன்றல்ல, ஆகஸ்ட் 24 அன்று வெளியாகிச் சத்தமின்றி ஓடிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’.

இரண்டும் அறிமுக இயக்குநர்களின் படங்கள். மாரி செல்வராஜுக்குப் பா. ரஞ்சித்தும், லெனின் பாரதிக்கு விஜய் சேதுபதியும் தயாரிப்பாளர்களாக அமைந்தார்கள். ஒன்று திருநெல்வேலிச் சட்டக் கல்லூரிக்கு வரும் இளைஞனின் கதை. மற்றது ஏலக்காய் மூட்டை சுமந்து மலையேறி இறங்கும் கூலித் தொழிலாளி ரங்கசாமியின் காணி நிலக் கனவு. பரியனின் தந்தை, பெண் வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞர், கல்லூரி வாசலில் அவமானப்படுத்தப்பட்டு ஓடும் காட்சியைப் பார்த்தபோது திரையரங்கில் என்னைச் சுற்றி இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை. கடைசியில் இரண்டு தேநீர்க் குவளைகளுக்கு நடுவே ஒரு மல்லிகைப்பூவை வைத்துவிட்டு நகர்ந்துவிடும் துணிச்சலும் எளிதில் வாய்ப்பதல்ல.

ஆயினும் நான் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யையே ஒரு மயிரிழை முன்னே வைக்கிறேன். ‘பரியேறும் பெருமா’ளில் ஆணவக் கொலைகளைக் கடமைபோலச் செய்து திரியும் அந்த முதியவர் அச்சமூட்டும் பாத்திரம்தான்; ஆனால் ஊரெங்கும் பரவியிருப்பதாகப் படம் சொல்ல விரும்பும் வன்மத்தை அவர் தன் ஒருவருக்குள் அடைத்துக்கொள்கிறார், அவர் வரும்போதெல்லாம் படம் கொஞ்சம் திகில் படமாகிவிடுகிறது. லெனின் பாரதியின் படத்தில் அப்படிச் சுட்டிக்காட்ட ஒரே ஆள் கிடைப்பதில்லை. நிலம் வாங்குவதற்கு ரங்கசாமி நம்பியிருந்த மூட்டை சரிவில் உருண்டு, ஏலக்காய் சிதறிப் போகிறது. பிறகு எப்படியோ கைக்கு வந்த நிலமும் கடனில் நழுவுகிறது. தனக்குச் சொந்தமாயிருந்த மண்ணிலேயே காற்றாலைக்குக் காவலாளியாக அவர் உட்கார்ந்திருக்க, தேனி ஈஸ்வரின் கேமரா மேலே எழும்பி எழும்பி அவரை ஒரு புள்ளியாக்குகிறது. யார் மீது கோபப்படுவது என்று தெரியாமல் வெளியே வந்தேன். அந்தத் தெரியாமைதான் எனக்கு அந்தப் படத்தின் பலம்.

ஒரு நாள் இடைவெளியில் வந்த ‘96’ஐயும் ‘ராட்சச’னையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதல் முறை பார்க்கையில் ‘ராட்சசன்’ நாற்காலி நுனியில் உட்கார வைத்தது. கொலையாளி யாரென்று தெரிந்த பிறகு இரண்டாம் முறை அதில் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. ‘96’இல் பள்ளிக்கூடப் பகுதி இழுவைதான். ஆனால் ராம் எத்தனையோ முறை கேட்டும் பாடாத ‘யமுனை ஆற்றிலே’யை, மின்சாரம் போன இருட்டில் ஜானு தானாகத் தொடங்கும் அந்த ஓர் இடத்துக்காக மறுபடி பார்க்கலாம், நான் பார்த்தேன். ‘வடசென்னை’யை முழுக் கதையின் முதல் பாகமாகவே எடுத்துக்கொள்கிறேன், ஆகவே போட்டியில் சேர்க்கவில்லை.

மோசமான படத்துக்கான என் அளவுகோல் வேறு. கைக்காசைப் போட்டு, தெரிந்த அளவுக்கு எடுத்த சிறிய படங்களைப் பிடித்து அடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. எல்லா வசதியும் இருந்து வீணாக்கியவர்களையே கேட்க வேண்டும். ‘2.0’ஐயும் இதில் சேர்க்கச் சொல்லும் நண்பர்கள் உண்டு. பறவைகளுக்காகக் கதறும் முதியவராக அக்‌ஷய் குமார் வரும் பகுதி அதைக் காப்பாற்றிவிடுகிறது. மிஞ்சுபவை ‘சாமி ஸ்கொயர்’, ‘சர்கார்’. முன்னது 2003-இல் வந்த ‘சாமி’யின் பெயரை வைத்துக்கொண்டு, அந்தப் படத்தை நிற்க வைத்த நிதானமான குறும்பை விட்டுவிட்டு, கத்தலையும் நில்லாமல் ஓடும் கேமராவையும் மட்டும் எடுத்துக்கொண்டது. திரிஷாவின் இடத்தில் ஐஸ்வர்யா ராஜேஷை வைத்து முதல் படத்தின் காட்சிகளைத் தொட்டுக்காட்டியபோது, பழைய படத்தைப் பார்த்திராதவர்களே பாக்கியசாலிகள் என்று தோன்றியது.

இருந்தும் கடைசி இடம் ‘சர்கா’ருக்குத்தான். வாக்களிக்க வெளிநாட்டிலிருந்து வருபவனின் வாக்கை வேறொருவர் ஏற்கெனவே போட்டுவிட்டார் என்பதும், அப்படிப்பட்டவருக்குத் தனி வாக்குச்சீட்டு தரச் சொல்லும் 49பி விதி இருக்கிறது என்பதும் ஒரு முழுப் படத்துக்குப் போதுமான முடிச்சு. நீதிமன்றம், வாக்குச்சாவடி, ஒற்றை வாக்கு என்று அதைப் பின்தொடர்ந்திருந்தால் நம் அரசியல் படங்களில் இல்லாத ஒன்று கிடைத்திருக்கும். படமோ அரை மணி நேரத்திலேயே அதைக் கைகழுவிவிட்டு, நாயகன் மேடையேறிப் பேசுவதும் அடியாட்கள் பறப்பதுமாக மாறிவிட்டது. ‘சாமி ஸ்கொய’ரிடம் வீணாக்குவதற்குப் புதிதாக எதுவும் இருக்கவில்லை, ‘சர்கா’ரிடம் இருந்தது.