ராயபுரம் ஏலக்கடை: நாற்காலிக்குப் போகலாம், வெள்ளிக்கு யோசிக்கவும்

"இங்கிலாந்து வெள்ளி டீ செட்" என்று ஏலக்காரர் தூக்கிக் காட்டியதும் எனக்குக் கை பரபரத்தது. முதல் நாளே வந்து பொருளைப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள், நான்தான் போகவில்லை. 6,500 ரூபாய்க்கு எடுத்துவந்து புளி போட்டுத் தேய்த்தால், அடியில் பொடி எழுத்தில் இ.பி.என்.எஸ். அதாவது நிக்கல் கலவையின் மேல் வெறும் வெள்ளி முலாம். கூஜாவின் மூக்கு நுனியில் அதுவும் தேய்ந்து மஞ்சளாக இளித்தது. திரும்பப் போய்க் கேட்டால், "பார்த்துத்தானே சார் எடுத்தீங்க?" சவுகார்பேட்டை அடகுக்கடையில் தராசில்கூட வைக்கவில்லை.

அசல் இங்கிலாந்து வெள்ளிக்கு ஸ்டெர்லிங் என்று பெயர்; அதில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்க முத்திரை இருக்கும். கூடவே சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில் முத்திரை குத்தியது, நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரமாம்! காசிமேட்டுக்காரனான எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

மரச்சாமான் விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். அதே ஏலத்தில் 2,800 ரூபாய்க்கு எடுத்த பிரம்பு பின்னிய தேக்கு சாய்வு நாற்காலியில் ஓர் ஆட்டம் இல்லை. அப்பா அதைவிட்டு எழுந்திருப்பதே இல்லை.