போட்டோக்களை அடுக்க: வெறும் ஃபோல்டரா, கேட்டலாக் மென்பொருளா?

கம்ப்யூட்டரில் போட்டோக்கள் சில ஆயிரத்தைத் தாண்டியதும் இந்தக் கேள்வி வந்துவிடும்.

2024 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் "2024-05-12 கல்யாணம்" என்று இன்னொன்று. வருடம், மாதம், தேதி என்று பெயர் வைத்தால் எல்லாம் தானாகவே கால வரிசையில் நிற்கும். ஃபோல்டரை அப்படியே வேறு டிஸ்க்கில் நகலெடுத்தால் பேக்கப் முடிந்தது. ஆனால் பாட்டி இருக்கும் படங்கள் மட்டும் வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத் திறந்து தேட வேண்டியதுதான்.

அங்கேதான் லைட்ரூம் கிளாசிக், டிஜிகேம் போன்ற கேட்டலாக் மென்பொருள்கள் கைகொடுக்கின்றன. படங்களைப் பற்றிய விவரங்களை கேட்டலாக் என்ற ஒரு பட்டியலில் சேர்த்து வைப்பவை இவை. படங்களுக்கு ஆள், இடம் என்று டேக் (பெயர்க்குறிப்பு) போட்டு, பிடித்த அளவுக்கு ஸ்டார் கொடுத்து வைத்தால் எதை வைத்தும் தேடலாம். டிஜிகேம் இலவசம் வேறு. பலரும் ஏமாறுவது பேக்கப்பில்தான். லைட்ரூம் கிளாசிக்கை மூடும்போது கேட்டலாக்கை பேக்கப் எடுக்கவா என்று கேட்கும். சரி என்றால் நகலாவது கேட்டலாக் மட்டுமே, அதாவது டேக்குகளும் திருத்தங்களும். படங்கள் அதில் இருக்காது! அவற்றைத் தனியாக நகலெடுக்க வேண்டும். அப்புறம், படங்களை மென்பொருளுக்கு வெளியே இடம் மாற்றினால் லைட்ரூமுக்கு அவை காணாமல் போனவைதான்.

படங்கள் கொஞ்சம்தான் என்றால் ஃபோல்டரே போதும். நிறைய இருந்தால், தேதி ஃபோல்டரை அடித்தளமாக வைத்து அதன்மேல் கேட்டலாக் போடுவதுதான் என் தேர்வு. டேக்குகளைப் படக்கோப்பிலோ, பக்கத்தில் எக்ஸ்எம்பி (XMP) என்ற சிறிய விவரக் கோப்பாகவோ எழுதும் வசதி இரண்டு மென்பொருளிலும் உண்டு. அதை முதல் நாளே ஆன் செய்துவிடுங்கள். நாளை மென்பொருளை மாற்றினாலும் டேக்குகள் கூடவே வரும்.