வீ யூ: ஐம்பது டாலர் குறைத்தும் கடையில் தேங்கிய கன்சோல்

விற்காத கன்சோலுக்கு விலைக் குறைப்புதான் மருந்து என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். டிவியோடு இணைத்து கேம் ஆடும் நிண்டெண்டோவின் வீ யூவுக்கு அந்த மருந்தைக் கொடுத்தும் பார்த்தார்கள், கேட்கவில்லை.

2012 நவம்பரில் அமெரிக்காவில் இரண்டு வகையாக வந்தது. வெள்ளை பேசிக் 300 டாலர், சேமிப்பிடம் 8 ஜிபி. கறுப்பு டீலக்ஸ் 350 டாலர், 32 ஜிபி. இதில் பேசிக் வெறும் கண்துடைப்பு. 8 ஜிபியில் ஏறக்குறைய ஐந்தை சிஸ்டமே எடுத்துக்கொள்ளும், மிச்சம் மூன்றுதான். டீலக்ஸோடு இலவசமாகத் தந்த நிண்டெண்டோ லேண்ட் கேமைக்கூட டவுன்லோட் செய்து அதில் வைக்க முடியாது. வெளி ஹார்ட் டிஸ்க் போடலாம், 2 டிபி வரை ஏற்கும். ஆனால் சின்ன போர்ட்டபிள் டிஸ்க்குக்கு ஒரு யுஎஸ்பி போர்ட் தரும் மின்சாரம் பற்றாது, விளையாடிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு விட்டுப்போகும். ஒய் கேபிள் போட்டு இரண்டு போர்ட்டிலிருந்தும் எடுக்கவேண்டும், இல்லையென்றால் தனி அடாப்டர் உள்ள டிஸ்க் வாங்கவேண்டும். ஆக, மலிவு மாடலை வாங்கியவர் கையில் மேலும் ஒரு செலவு.

2013 செப்டம்பர் 20 அன்று டீலக்ஸ் 300 டாலராக இறங்கியது. அந்த நிதியாண்டில் 90 லட்சம் விற்போம் என்று சொன்ன கம்பெனி, ஜனவரியில் அதை 28 லட்சமாகக் குறைத்துக்கொண்டது.

விலைக் குறைப்பு எடுபடாததற்குக் காரணம் கேம்பேட், அதாவது நடுவில் திரை வைத்த கன்ட்ரோலர். 6.2 அங்குலத் திரை, 854×480, தாமதமே தெரியாமல் வயர் இல்லாமல் வரும் படம். வீட்டில் மற்றவர்கள் டிவி பார்க்கும்போது கேம்பேடிலேயே முழு கேமையும் ஆடுவது அருமையான வசதி, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. 1500 எம்ஏஹெச் பேட்டரிதான் சொதப்பல்: மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம், அவ்வளவே. ஆனால் இந்தத் திரையின் செலவு முழுக்க கன்சோல் விலையில் உட்கார்ந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே பெட்டியை நஷ்டத்தில்தான் விற்றார்கள். அதன்மேல் ஐம்பது டாலர் குறைத்தால் நஷ்டம் கூடுமே தவிர, ஆடக் கிடைக்கும் கேம்கள் அதிகமாகாது.

மைக்ரோசாஃப்ட் 2014 ஜூனில் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலிலிருந்து, உடலசைவைப் பார்க்கும் கேமராவான கினெக்டைக் கழற்றி, 500 டாலரை 400 ஆக்கியது. கினெக்ட் இல்லாமலும் அந்தப் பெட்டி ஓடும். வீ யூவில் கேம்பேடைக் கழற்ற வழியே இல்லை. முதல் செட்டப்பே அதில்தான்.

இதே நிண்டெண்டோ 2011 ஆகஸ்டில் கையடக்க 3டிஎஸ்ஸை 250 டாலரிலிருந்து ஒரேயடியாக 170க்கு இறக்கி ஜெயித்ததே என்று கேட்கலாம். அங்கே குறைத்தது எண்பது டாலர், அதுவும் வெளிவந்து ஐந்து மாதத்துக்குள். அதைவிட முக்கியம், நவம்பரில் சூப்பர் மாரியோ 3டி லேண்ட், டிசம்பரில் மாரியோ கார்ட் 7 கடைக்கு வந்துவிட்டன. பழைய விலைக்கு வாங்கியவர்கள் கொதிக்காமலிருக்க இருபது பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்ததும் கெட்டிக்காரத்தனம். வீ யூவுக்கோ, குறைத்த கையோடு விண்ட் வேக்கர் எச்டி, நவம்பரில் சூப்பர் மாரியோ 3டி வேர்ல்ட். ஆட்களை இழுக்கக்கூடிய மாரியோ கார்ட் 8 வந்தது 2014 மே கடைசியில். அதற்குள் சோனியின் 400 டாலர் பிஎஸ்4 கன்சோல் வந்து ஆறு மாதம் ஓடிவிட்டது. போதாததற்கு, இது புது கன்சோலா, நிண்டெண்டோவின் முந்தைய கன்சோலான ‘வீ’க்குத் துணைக்கருவியா என்றே பலருக்குப் புரியவில்லை. அந்தக் குழப்பத்தை விலைச் சீட்டு தீர்க்காது.

என் கணக்கில் 2013இல் விலையைத் தொட்டிருக்கவே கூடாது. அந்த ஐம்பது டாலரைப் பத்திரமாக வைத்திருந்து, மாரியோ கார்ட் 8ஐப் பெட்டிக்குள்ளேயே போட்டு 300க்கு விற்றிருக்கவேண்டும்.

இன்று பழையது வாங்குபவர்களுக்கு: ஆன்லைன் கடை 2023 மார்ச்சில் மூடியாயிற்று, ஆகவே டிஸ்க்கில் கிடைக்கும் கேம்களை நம்பி மட்டும் வாங்குங்கள். கேம்பேட் இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். தனியாக கேம்பேட் தேடினாலும் பெட்டி எந்த நாட்டுப் பகுதிக்கானதோ அதே பகுதிக்கு உரியதாக இருக்கவேண்டும், ஜப்பான் கேம்பேட் அமெரிக்கப் பெட்டியோடு இணையாது.